பூமலையில் ஒரு பால்மரம்

சிங்கப்பூரில் பொட்டானிக் கார்டனுக்குத் தமிழில் 'பூமலை' என்று பெயர். தமிழ் முரசிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மலை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. மேடும் பள்ளமுமான நிலம், அவ்வளவுதான். பினாங்கில் இதே மாதிரி ஒரு பழைய தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தமிழர்கள் 'தண்ணீர்மலை' என்பார்கள். அங்கே மலையும் உண்டு, அருவியும் உண்டு. இங்கே பூ மட்டும்தான் உண்மை.

வெளியூரில் வேலை பார்த்து வாடகை அறையில் இருக்கிறவனுக்கு, காசு கேட்காமல் நாள் முழுக்க உட்காரவிடுகிற இடங்கள் ரொம்பக் குறைவு. கோயில், நூலகம், பூங்கா. பூமலை காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரைக்கும் திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை போனால் பிலிப்பினோ, இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண்கள் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பாட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். ஏரிப் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிற ஜோடிகள். 5 வெள்ளி நோட்டில் படமாக அச்சாகியிருக்கிற தெம்புசு மரம் பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம். இந்தத் தோட்டத்தை விட அந்த மரத்துக்கு வயசு அதிகம்.

நான் எழுத வந்தது தெம்புசுவைப் பற்றி இல்லை. அதே தோட்டத்தில் யாரும் நின்று போட்டோ எடுக்காத இன்னொரு மரம் இருக்கிறது. ரப்பர் மரம். மலேசியத் தமிழில் பால்மரம், கித்தா மரம். உலகத்தின் தோட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும், தமிழர்களின் வாழ்க்கையை இவ்வளவு புரட்டிப்போட்ட செடி வேறு எந்தத் தோட்டத்திலாவது வளர்க்கப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இலங்கையின் தேயிலையை வேண்டுமானால் கூடவே சொல்லலாம்.

முதலில் தோட்டத்தின் கதை. ராஃபிள்ஸ் 1822இல் இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு தாவரத் தோட்டம் போட்டார். ஜாதிக்காய், கிராம்பு மாதிரி பணம் தரும் பயிர்களைச் சோதித்துப் பார்க்கத்தான். பராமரிக்கக் காசில்லாமல் 1829இல் அது மூடப்பட்டது. இப்போது இருக்கிற தோட்டம் 1859இல் வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தொடங்கியது. சென்னையில் கதீட்ரல் சாலையில் இருக்கிறதே, 1835இல் தொடங்கிய அக்ரி-ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி, கிட்டத்தட்ட அதே மாதிரி. வெள்ளைக்கார வியாபாரிகள், அதிகாரிகள் சந்தா கட்டி நடத்துகிற சங்கம், உலாவப் பாதைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை, பூக்கண்காட்சி. சங்கம் கடனில் மூழ்கி, 1874இல் காலனி அரசு தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம்தான் லண்டன் கியூ தோட்டத்தில் பழகிய ஆட்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள். உலாவும் இடமாக இருந்தது பரிசோதனைக்கூடமாக மாறியது. 1875இல் ஒரு மிருகக்காட்சிசாலையும் வைத்தார்கள், காண்டாமிருகம்கூட இருந்ததாம். செலவு தாங்காமல் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது.

இப்போது ரப்பர். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் கியூவுக்குக் கொண்டுபோனார். 'திருடிக்கொண்டு போனார்' என்று கதையாகச் சொல்வது வழக்கம். அவரே பிற்காலத்தில் தன்னை ஒரு சாகசக்காரராகக் காட்டிக்கொள்ள அந்தக் கதையை நன்றாக வளர்த்துவிட்டார். ஆனால் ரப்பர் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அப்போது பிரேசிலில் சட்டம் எதுவும் இருக்கவில்லை. அதனால் திருட்டு என்று சட்டப்படி சொல்ல முடியாது. அந்த விதையால் பிற்பாடு பிரேசிலின் ரப்பர் வியாபாரமே படுத்தது என்பது வேறு விஷயம்.

எனக்கு இதில் ரொம்ப உறுத்துவது பணம் கொடுத்தது யார் என்பது. விக்கமுக்கு 1,000 விதைக்கு 10 பவுண்டு என்று விலை பேசியது லண்டனின் இந்தியா ஆபீஸ். பின்னால் இருந்து ஓட்டியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம், பெருவிலிருந்து சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே ஆள். இந்தியா ஆபீசின் செலவு அந்தக் காலத்தில் இந்திய வருவாயிலிருந்துதான் போனது. அதாவது தஞ்சாவூர், திருச்சி பக்கம் நிலவரி கட்டிய விவசாயியும் அந்த விதைக்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறான். முப்பது வருஷம் கழித்து அவன் பேரன் அதே விதையின் வாரிசு மரத்தில் பால் வெட்டக் கப்பல் ஏறினான்.

ரப்பர் விதை எண்ணெய்ச்சத்து உள்ளது, சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். 70,000 விதையில் கியூவின் கண்ணாடி வீட்டில் முளைத்தது ஏறத்தாழ 2,700தான். பெரும்பகுதி, 1,900க்கு மேல், இலங்கைக்குப் போனது. வார்டியன் பெட்டி என்று ஒன்று அப்போது வந்திருந்தது. மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஈரம் தானே சுழன்று செடியை மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். அதில்தான் பயணம். சிங்கப்பூருக்கு 1877இல் வந்து சேர்ந்தவை 22 நாற்றுகள். அதில் 11ஐ இந்தத் தோட்டத்தில் நட்டார்கள். சில பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. அந்த நடவில் வந்த ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

நட்டு பத்து வருஷம் யாரும் சீந்தவில்லை. மலாயாவில் அப்போது காப்பிதான் ராஜா. 1888இல் ஹென்றி ரிட்லி இயக்குநராக வந்தார். வந்ததும் இந்த மரங்களைப் பிடித்துக்கொண்டார். தோட்ட முதலாளி யாரைப் பார்த்தாலும் ரப்பர் போடு, ரப்பர் போடு என்று நச்சரித்து, சட்டைப் பையில் விதையைத் திணித்து அனுப்புவாராம். 'கிறுக்கு ரிட்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1890களின் கடைசியில் பிரேசில் காப்பி சந்தையில் வந்து குவிந்து விலை விழுந்ததும், பூச்சியும் சேர்ந்து தாக்கியதும், கிறுக்கு என்று சொன்னவர்களே விதை கேட்டு வந்தார்கள். முதலில் துணிந்தவர் வெள்ளைக்காரர் இல்லை, மலாக்காவின் டான் சே யான் என்ற சீனர். 1896இல் வணிகத்துக்காக ரப்பர் போட்டார்.

ரிட்லியின் நிஜமான கண்டுபிடிப்பு விதை இல்லை, வெட்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கதையே அந்த வெட்டில்தான் இருக்கிறது.

அமேசானில் மரத்தைச் சின்னக் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கத்தி மரத்துக்குள் இறங்கிவிடும். மரம் முண்டும் முடிச்சுமாகி நாளடைவில் பால் வற்றும். ரிட்லி இந்தத் தோட்டத்து மரங்களில் வெட்டிப் பார்த்து மூன்று விஷயம் கண்டுபிடித்தார். ஒன்று, மரத்தைக் கொத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிய சீவலாகச் சாய்வாக எடுத்தால் பட்டை திரும்ப வளரும், அதே மரத்தில் வருஷக்கணக்காக எடுக்கலாம். இரண்டு, புது இடத்தில் வெட்டுவதை விட, முந்தாநாள் வெட்டிய அதே காயத்தின் விளிம்பைத் திரும்பத் திறந்தால் பால் கூடுதலாக வருகிறது. மூன்று, விடியற்காலையில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். இலை வழியாக நீர் போகப் போக மரத்தின் உள்ளழுத்தம் குறைவதுதான் காரணம்.

தாவரவியல் புத்தகத்தில் இது மூன்று வரி. ஆனால் இந்த மூன்று வரியைத் தொழிலாக மாற்றினால் என்ன ஆகும்? மரத்தை வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்திருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை கூலியாட்களைக் கூட்டி வந்தால் போதும். அதே காயத்தைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டும் என்றால் ஆள் மரத்தடியிலேயே குடியிருக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது வருஷம். ஒருத்தர் ஒரு காலையில் முந்நூறு, நானூறு மரம். சீவல் ஒரு மில்லிமீட்டர் கணக்கு. ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலாகப் போனால் பால் வராது. அதனால் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும், ஓடிப்போகாத ஆள் வேண்டும். விடியற்காலையில்தான் பால் ஓடும் என்பதால் இருட்டோடு எழுப்ப வேண்டும். அதுதான் தோட்டத்துப் 'பெரட்டு'. தப்பு அடிக்க, தண்டல் பேர் கூப்பிட, கையில் விளக்கோடு வரிசையில் நிற்கிற அந்தக் காலை நேரம், டாங்ளினில் ஒரு விஞ்ஞானி மரத்தில் அளந்து பார்த்த நேரம்தான். ரிட்லி யாரையும் கொடுமைப்படுத்த நினைத்து இதைச் செய்யவில்லை. மரத்தைக் காப்பாற்றத்தான் செய்தார், அதில் ஜெயித்தும் விட்டார்.

பிரேசிலில் ஏன் இப்படித் தோட்டம் போட முடியவில்லை என்று கேட்கலாம். அங்கே இலையைக் கருக்குகிற ஒரு பூஞ்சணம் உண்டு. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் தப்பிக்கும். நெருக்கமாக நட்டால் நோய் மரம் மரமாகத் தாவும். 1928இல் ஹென்றி ஃபோர்டு அமேசானில் ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு ஊரையே கட்டி ரப்பர் போட்டுப் பார்த்து இதே நோயில் தோற்றார். ஆசியாவுக்கு விதை மட்டும் வந்தது, பூஞ்சணம் வரவில்லை. இன்றைக்கும் தென்னமெரிக்காவிலிருந்து அந்த நோய் வந்துவிடுமோ என்று ரப்பர் நாடுகள் பயந்துகொண்டுதான் இருக்கின்றன.

விதை போன வேகத்தைப் பாருங்கள். 1917 வரைக்கும் இந்த ஒரு தோட்டத்திலிருந்து மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் ரப்பர் விதைகள் வெளியே போயிருக்கின்றன. நடுவில் மோட்டார் கார் வந்துவிட்டது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1920களில் மலாயாவில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் பால்மரம். உலக ரப்பரில் ஏறக்குறைய பாதி அங்கிருந்துதான்.

விதைக்குப் பின்னாலேயே ஆட்கள். முதலில் ஒப்பந்தக் கூலி. அது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை பரவியிருந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒருத்தருக்கு அனுமதிச் சீட்டும் பணமும் கொடுத்து அவர் ஊருக்கே அனுப்புவார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, தென் ஆற்காடு. அவர் புது வேட்டியும் கடிகாரமுமாக வந்து நின்றால் ஊருக்கு அதைவிட வேறு விளம்பரம் வேண்டாம். பஞ்சம், கடன், சாதிக்கொடுமை மூன்றில் ஏதாவது ஒன்று பின்னால் இருந்து தள்ளும். போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும் பங்கு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்த்து, கப்பல் ஏற்றி, அந்தப் பக்கம் போனதும் தீவில் தனிமைப்படுத்தி வைத்து, பிறகுதான் தோட்டம். நான் இங்கே வேலைக்கு வந்தபோதும் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஏஜெண்டுக்குக் காசு என்று ஒரு வரிசை இருந்தது. அதை அவர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட எனக்குத் துணிவில்லை. ஆனாலும் அந்த வரிசை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டினார்கள். அதில் மிகப் பெரும்பான்மை தமிழர்கள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

தோட்டத்திலேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 1921இல் கட்டிய ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய கட்டடத்தில். விதை, வெட்டு முறை, ரிட்லி எல்லாம் அங்கே தெரிந்துகொள்ளலாம். ரிட்லி 1956இல் தன் நூறாவது வயதைத் தாண்டித்தான் இறந்தார். ரிட்லியை மறக்கக் கூடாது, சரிதான். ஆனால் விதையின் எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக நினைவில் இருக்கிறதோ, விதையோடு போன ஆளின் எண்ணிக்கை அந்த அளவுக்கு ஒரு தோட்டத்தின் கதையில் இடம் பிடிப்பதில்லை. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாக இதை அறிவித்தபோது ரப்பர் ஆராய்ச்சியும் ஒரு முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டங்களில் தனியொரு தளமாக அந்தப் பெருமை இதற்கு மட்டும்தான்.

இதே தோட்டத்தில் வேறொரு விஷயம் நேர்மாறாக நடந்திருக்கிறது. பூச்செடிகள் வைத்திருக்கிற பக்கத்தில் செங்கல் படிக்கட்டு ஒன்று உண்டு. ஜப்பானியர் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் கட்டியது. சில செங்கல்களில் அம்புக்குறி பதித்து வைத்தார்கள். நாங்கள் அரசாங்கக் கைதிகள், எங்களைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தீர்கள் என்பதற்கு அடையாளம். 1990களில் அந்தக் கைதிகளில் சிலர் வயதான காலத்தில் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னார்கள். இப்போது படிக்கட்டில் அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அதே ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லாமல், சாப்பாடில்லாமல் கிடந்த பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செங்கலில் குறி போட்டுவிட்டு வர அவர்களுக்கு வாய்ப்பு இருக்கவில்லை. அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவல் இந்தத் தோட்டத் தமிழர்களைப் பற்றியதுதான். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் பூமலையில் நடந்திருப்பார்கள், தெரியாது.

பிறகு ரப்பரும் போனது. மலேசியாவில் எஸ்டேட்டுகளைத் துண்டுபோட்டு விற்றார்கள், செம்பனை போட்டார்கள், வீடு கட்டினார்கள். லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்கள் ஊர்ப்புறம் ஒதுங்கினார்கள். சிங்கப்பூரிலும் இப்படித்தான், வடக்கே ஈசூன் இருக்கிற நிலமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர். அந்தப் பேரே லிம் நீ சூன் என்ற ரப்பர் முதலாளியின் பேர்.

மிச்சமிருப்பது வார்த்தைகள். மலாய் 'கெத்தா' கித்தா ஆனது. பால் பிடிக்கிற கிண்ணம் 'மங்கு', அதுவும் மலாயிலிருந்து. இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கழி 'காண்டா'. அணிவகுப்பைச் சொல்லும் ஆங்கிலச் சொல் 'பெரட்டு' ஆனது. தமிழ்நாட்டில் இந்த வார்த்தைகளைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் இது சுத்தத் தமிழ்த் தொழில்மொழி, நம் ஆட்கள் நூறு வருஷம் பேசியது.

போன வருஷம் கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருவரின் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஜொகூரில் ஒரு எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணத்துக்கு முன்பு பன்னிரண்டு வருஷம் பால் வெட்டியவர். ஆர்க்கிட்டெல்லாம் பார்த்து முடித்து, ரப்பர் மரத்தடிக்கு வந்தோம். அறிவிப்புப் பலகையை அவர் படிக்கவில்லை. நேராகப் போய் உள்ளங்கையால் பட்டையைத் தடவினார். மரத்தைச் சுற்றி வந்து மறுபடியும் தடவினார்.

"வெட்டே இல்ல தம்பி. ஒரு கோடுகூட இல்ல. சும்மாவா நிக்குது?"

"சும்மாதாம்மா. பார்க்கிறதுக்கு."

"நல்ல பட்டை" என்றார். அப்புறம் குனிந்து கீழே எதையோ தேடினார். காய் வெடித்து விழுந்த விதை ஒன்று கிடைத்தது, பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டது. அதைச் சிமெண்டு விளிம்பில் பரபரவென்று தேய்த்து என் கையில் வைத்தார். சுட்டது. சின்ன வயசில் எஸ்டேட்டுப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடுகிற விளையாட்டாம். பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று கைப்பையைத் திறந்தார்.

"அம்மா, இங்கேயிருந்து விதை, இலை எதுவும் எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது. அபராதம் போடுவாங்க."

அவர் விதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரத்தடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, வேரோரம் கிடந்த சருகை அதன்மேல் தள்ளிவிட்டார். "சரி, டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.